கண்ணாடியில் தெரியாத இடம்

"ரத்தக்காரம்மா வந்தாச்சு!" என்று ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி குரல் கொடுக்கும்போது, விஷயம் தெரியாதவர்கள் கொஞ்சம் மிரண்டுதான் போவார்கள். வந்து நிற்பது என்னவோ நாற்பத்திரண்டு வயதுப் பெண். குள்ளம். பைக்கை நிறுத்தினால் நுனிவிரல்தான் தரையைத் தொடும். பின்சீட்டில் பெல்ட் போட்டு இறுக்கிய வெள்ளைப் பெட்டி, அதற்குள் ஐஸ் பைகளுக்கு நடுவே ரத்தம். எங்கள் ரத்த வங்கியிலிருந்து சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. பெட்டியை அடைத்து, உள்ளே தெர்மாமீட்டர் வைத்து, புறப்படும் நேரத்தைப் பதிவேட்டில் எழுதி அவள் கையில் கொடுப்பது என் வேலை. என்னைவிட மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அக்கா ஒன்பது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினாள். வண்டி விஷயத்தில் அவளுக்குக் கிடைத்த புத்திமதியெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: ஓரமாப் போ. அப்பா சொன்னார், கட்டிக்கொண்டவர் சொன்னார், முன்னே பின்னே தெரியாத கார்க்காரர்கள் ஹார்ன் அடித்துச் சொன்னார்கள். அவளும் ஓரமாகவே போனாள். நேர்ரோட்டில் அது எப்படியோ ஓடிவிடும். ரவுண்டானாவில்தான் வந்தது வினை.

எங்கள் வங்கியிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஐந்து ரோடு சேரும் ஒரு ரவுண்டானாவைத் தாண்ட வேண்டும். நாங்கள் வரும் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்தால் இடப்பக்கம் முதலில் பிரிவது மார்க்கெட் ரோடு. அடுத்தது கிடங்கு ரோடு. லாரியும் ட்ரெய்லரும் அதில்தான் வெளியேறும். மூன்றாவது ஆஸ்பத்திரி ரோடு, நான்காவது ஸ்டேஷன் ரோடு. தரையில் மூன்று லேன் போட்டிருக்கிறது. ஓர லேனில் வருகிறவர்கள் முதல் இரண்டு ரோட்டுக்குள் வெளியே போய்விட வேண்டும். அக்காவுக்குப் போக வேண்டியதோ மூன்றாவது ரோடு. ஆனாலும் ஒன்பது வருஷமும் ஓர லேனின் வெளிவிளிம்பை ஒட்டியேதான் சுற்றினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. நடு லேனில் வந்த ட்ரெய்லர் ஒன்று கிடங்கு ரோட்டுக்காக இடது பக்கம் ஒடித்தது. அக்கா அதன் இடப்பக்கத்தில் இருந்தாள். ஓட்டுநர் உட்கார்ந்திருந்த முன்பகுதி அவளைத் தாண்டிப் போனது. அப்பாடா என்று நினைத்தாளாம். ஆனால் நீள வண்டி திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் வராது. உள்பக்கமாகச் சுருக்கிக்கொண்டு வரும். அக்காவின் ஹேண்டில்பாருக்கும் அந்தச் சக்கரங்களுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது, பிறகு ஒரு சாண் இருந்தது, பிறகு ஒன்றுமே இல்லை. பைக் ஓரக்கல்லில் மோதிச் சாய்ந்தது. காறையெலும்பு உடைந்தது. இடது கணுக்காலுக்கு மேலே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. சக்கரத்துக்கும் காலுக்கும் நடுவில் பைக் கிடந்ததால் கால் மிஞ்சியது.

ட்ரெய்லர் ஓட்டுநர் வெறுங்காலோடு குதித்து ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும். "பார்க்கலம்மா, சத்தியமா பார்க்கல, நீங்க அங்க இருந்ததே தெரியல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"கண்ணை என்ன பொடனியிலயா வச்சிருந்தீங்க?" என்று தரையில் கிடந்தபடியே கேட்டாள் அக்கா.

பிற்பாடு இதை எங்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புக்கு அடியில் கோபம் அப்படியே இருந்தது. முழுசாக ஒரு பொம்பளை, ஒரு பைக், அதற்கு மேல் இத்தனை பெரிய வெள்ளைப் பெட்டி. இதையெல்லாம் ஒருவர் எப்படிப் பார்க்காமல் இருக்க முடியும்? பொய் சொல்கிறான் மனுஷன் என்றே நம்பினாள்.

ஏழு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். அவள் வீட்டுக்காரர் முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவர். அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். அவரே பிடிவாதமாக, "இனி வண்டி வேண்டாம். உட்கார்ந்து எழுதற வேலை கேளு" என்றாராம்.

"அந்த நாற்காலியில ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருக்கா" என்று என்னைச் சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டாளாம்.

முதல் வாரத்திலேயே எனக்கு விஷயம் பிடிபட்டது. போய்ச் சேரும் நேரத்தை ஆஸ்பத்திரியில் ரசீதில் எழுதிக் கொடுப்பார்கள். முன்பெல்லாம் பதினோரு நிமிஷம். இப்போது இருபத்தைந்து, இருபத்தேழு. அக்கா ரவுண்டானாவுக்கு முந்தின சந்திலேயே திரும்பி, மார்க்கெட்டுக்குப் பின்னால் தள்ளுவண்டிகளுக்கு நடுவில் புகுந்து ஊரைச் சுற்றிக்கொண்டு போனாள். நான் கேட்கவில்லை. கேட்டால் உடைந்துவிடுவாளோ என்று பயம். ஆஸ்பத்திரிக் கையிருப்புக்காக எடுத்துப்போகும் சாதாரண நடைகளுக்கு அந்தக் கால்மணி நேரம் பொருட்டில்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் அது பொருட்டானது. மெஷினில் கை சிக்கிய ஒரு தொழிலாளிக்கு ரத்தம் கேட்டார்கள். அக்கா போய்ச் சேர முப்பத்தொரு நிமிஷம். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் பெட்டியை வாங்கிக்கொண்டு, "எங்க போயிருந்தீங்க ரத்தக்காரம்மா? டாக்டர் மூணு தடவை கேட்டுட்டாரு" என்று மட்டும் சொன்னார். திட்டவில்லை. அந்த ஆள் பிழைத்துக்கொண்டார்.

அக்கா திரும்பி வந்து, நான் இருந்த குளிரறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"எனக்கு அந்த ரவுண்டானா ஆகல. பக்கத்துல போனாலே கை விறைச்சுப்போகுது. நான் சந்து வழியாத்தான் போயிட்டிருக்கேன்."

"தெரியும்க்கா."

"தெரியுமா? தெரிஞ்சுமா வாயைத் திறக்கல?"

நான் ரத்தப் பைகளின் தேதியைச் சரிபார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

"ஒரு வாரம் டைம் கொடு" என்றாள். "அதுவரைக்கும் அவசரப் பெட்டி எதையும் என் கையில கொடுக்காத, ஆம்புலன்ஸ்ல அனுப்பு. ஒரு வாரத்துல சரியாகலன்னா நானே நம்ம பெரிய டாக்டர்கிட்டப் போய் வண்டிச் சாவியைக் கொடுத்துடறேன்."

அன்று சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டாள். அவளைவிட இரண்டு வயது இளையவன், சிட்டி பஸ் ஓட்டுகிறான். தினமும் எட்டு நடை அதே ரவுண்டானாவைச் சுற்றுகிறவன். இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்தே ஏழாம் பொருத்தம். பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் சண்டையில்லாமல் பேசியதாகச் சரித்திரமே கிடையாது. அவன் அதிசயமாக மறுபேச்சுப் பேசாமல், "ஞாயித்துக்கிழமை டிப்போவுக்கு வா. வண்டியோட வா" என்றான்.

டிப்போவில் அன்றைக்கு ஓடாத பஸ் ஒன்று காலி மைதானத்தில் நின்றிருந்தது. அவளை ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்காரச் சொன்னான்.

"டேய், காலே எட்டல."

"நீ ஒண்ணும் ஓட்டப் போறதில்ல. கண்ணாடியை மட்டும் பாரு."

அவன் அவளுடைய பைக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் போனான். இடது கண்ணாடியில் பைக் தெரிந்தது. மெதுவாக முன்னால் வந்தான். பெரிதாகத் தெரிந்தான். இன்னும் கொஞ்சம் வந்தான். காணோம்.

அக்கா கழுத்தை நீட்டினாள். கண்ணாடியில் வெறும் சிமென்ட் தரை. முன்கண்ணாடியில் மைதானம். இடது பக்க ஜன்னலில் எதிர்ச்சுவரின் மேல்பாதி. ஓரமாகத் திருப்பிக்கொண்டு போய்விட்டான் என்றே நினைத்தாள்.

"எங்கடா போய்ட்ட?"

அவள் இடப்பக்கம், கீழே, தகரத்தில் டொக் டொக் என்று இரண்டு தட்டு விழுந்தது.

"இங்கதான் இருக்கேன். போகவே இல்ல."

அவன் சாக்பீஸை எடுத்து, ஓட்டுநருக்குத் தெரியாத இடம் முழுவதையும் தரையில் கோடு போட்டுக் காட்டினான். முன்கதவிலிருந்து பின்பக்கமாக ஒரு கார் தாராளமாக நிற்கக்கூடிய இடம். அக்கா இறங்கி வந்து அந்தக் கோட்டுக்குள் நின்றாள்.

"ஒன்பது வருஷம் இதுக்குள்ளதான் ஓட்டியிருக்கேன்."

"ஆமா. நானே ரெண்டு மூணு தடவை உன்னைத் தூரத்துல பார்த்துட்டு மனசுக்குள்ள திட்டியிருக்கேன்."

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா உடனே கேட்டுக்கற ஆளு பாரு நீ!"

அவள் பஸ் படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ அந்த ட்ரெய்லர்காரர் சொன்னது நிஜம்" என்றாள்.

"நிஜம்தான். திரும்பறதுக்கு முன்னாடி வேகத்தைக் குறைச்சு இன்னொரு தடவை பார்த்திருக்கணும், அது அவரு தப்பு. நீ இருந்த இடம் உன் தப்பு."

பிறகு மைதானத்தின் நடுவில் ஒரு பழைய டயரைப் போட்டு, சுற்றி மூன்று லேன் கிழித்தான். "நுழையறதுக்கு முன்னாடியே எந்த ரோட்டுல வெளிய வரணும்னு முடிவு பண்ணிக்க. மூணாவது ரோடா? நடு லேனுக்கு வா. லேனோட நட்டநடுவுல ஓட்டு. ஓரத்துல ஒண்டிக்கிட்டேன்னு வை, பக்கத்துல இடம் கிடக்குதுன்னு பின்னாடி வர்றவன் மூக்கை நுழைப்பான். பெரிய வண்டியைக் கண்டா பக்கவாட்டுல போகவே போகாத. பின்னாடி நில்லு, கண்ணாடியில அவரு மூஞ்சி உனக்குத் தெரியற மாதிரி. ரெண்டாவது ரோட்டைத் தாண்டினதும் இடது இண்டிகேட்டர், கண்ணாடி, தோளுக்கு மேல ஒரு பார்வை. அப்புறம் வெளிய வா."

"வர முடியலன்னா?"

"இன்னொரு சுத்து சுத்து. ரவுண்டானா எங்கயும் ஓடிப்போயிடாது."

அடுத்த நான்கு நாளும், அவன் டியூட்டிக்குப் போகுமுன், விடிந்தும் விடியாத ரோட்டில் நிஜ ரவுண்டானாவைச் சுற்றினார்கள். அவன் பழைய ஸ்கூட்டரில் பின்னால் வருவான். ஆளில்லாத நேரத்தில்கூட அக்காவின் இடது கை அவளைக் கேட்காமலே ஓரத்துக்கு இழுத்தது. "நடுவு! நடுவு!" என்று பின்னாலிருந்து கத்துவான். கிடங்கு ரோடு பிரியும் இடம் வந்தாலே அவளுக்கு மூச்சு நின்றுபோகும். தாண்டியபிறகுதான் நின்றது தெரியும்.

நடுவில் புதன்கிழமை, விபத்து விசாரணை அலுவலகத்துக்குப் போய், தான் முன்பு கொடுத்த வாக்குமூலத்தோடு ஒரு பக்கம் சேர்த்து எழுதிக் கொடுத்தாள். தான் எந்த லேனில் இருந்தாள், போக வேண்டியது எந்த ரோடு என்பதையெல்லாம் ஒளிக்காமல் எழுதினாள். அந்த ட்ரெய்லர் ஓட்டுநரின் லைசென்ஸை விசாரணை முடியும்வரை முடக்கி வைத்திருந்தார்கள். வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம். "அடிபட்டவ நீ. நீயே போய் உன் தலையில பழியைப் போட்டுக்கறியா?" என்றார். "உள்ளதை எழுதினேங்க. அவர் பங்கு அவருக்கு, என் பங்கு எனக்கு" என்றாளாம். இரண்டு நாள் அந்த வீட்டில் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து போன். குழந்தை பிறந்துவிட்டது, தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் இரண்டு பை உடனே வேண்டும். அவர்களிடம் இருந்த ஒரே பையும் ஏறிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஆம்புலன்ஸ் ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. ஓட்டுநரைக் கூப்பிட்டால் திரும்பி வரவே அரைமணி ஆகும் என்றார்.

நான் பெட்டியை அடைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் அக்கா நின்றாள். ஹெல்மெட் ஏற்கெனவே தலையில்.

"கொடு."

"அக்கா, சந்து வழியாவா..."

"ரவுண்டானா."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெட்டியைக் கட்டி, பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். பதிவேட்டில் நாலு ஏழு என்று எழுதினேன். என் கையெழுத்து எனக்கே புரியாதபடி விழுந்திருந்தது.

இனி நடந்தது அவளே சொன்னது.

ரவுண்டானாவுக்கு முன்னால் வண்டிகள் வரிசையில் நின்றன. அவள் நடு லேனில், லேனின் நடுவில் நின்றாள். இடது பக்கம் ஓர லேனில், அவளுக்குக் கொஞ்சம் முன்னால், இரும்புக் கம்பி ஏற்றிய ட்ரெய்லர். இண்டிகேட்டர் எதுவும் போடவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார், மூச்சுவிடும் தூரத்தில். வலப்பக்கமிருந்து வந்த பஸ் கடந்ததும் இடைவெளி கிடைத்தது. ட்ரெய்லர் நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.

தூறலில் ரோடு பளபளத்தது. ஓர லேனில் டீசல் சிந்தி வானவில் நிறத்தில் படர்ந்திருப்பதைக் கண்ணோரத்தில் பார்த்தாள். மார்க்கெட் ரோடு தாண்டியது. ட்ரெய்லர் இன்னும் பக்கத்து லேனில், பாதி முன்னால். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் ஒரே மூச்சில் அதைத் தாண்டிவிடலாம். முதுகுக்குப் பின்னால் ஐஸில் இரண்டு பை. எங்கோ ஒரு பெண் மேஜைமேல். கை முறுக்கத் துடித்தது.

சாக்பீஸ் கோடு ஞாபகம் வந்தது. வலப்பக்கத்திலும் அப்படித் தெரியாத ஓர் இடம் உண்டு; முறுக்கினால் அதற்குள்தான் போக வேண்டும்.

அக்கா வேகத்தைக் குறைத்து, ட்ரெய்லரின் வால் தனக்கு முன்னால் போகும்வரை பின்தங்கினாள். வெள்ளைக் கார் காது கிழிய ஹார்ன் அடித்தது. கண்ணாடியை இறக்கி, "ஏம்மா, ஓரமாப் போ! ரோடு என்ன உன் வீட்டு ஹாலா?" என்று கத்தினார் கார்க்காரர். இடது கை பழையபடி இழுத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு லேனின் நடுவிலேயே இருந்தாள்.

கிடங்கு ரோடு வந்தது. ட்ரெய்லர் அதில் வெளியேறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வெளியேறவில்லை. வழி தெரியாத ஓட்டுநராக இருக்க வேண்டும். கடைசி நொடியில் வலது பக்கம் ஒடித்து, அப்படியே நடு லேனுக்குள் புகுந்தது. இண்டிகேட்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் முறுக்கியிருந்தால் எந்த இடத்தில் இருந்திருப்பாளோ, சரியாக அந்த இடத்தின்மேல் ஈரச் சக்கரங்கள் உருண்டு போயின.

இரண்டு பிரேக்கையும் மெதுவாக, பிழிவதுபோல அழுத்தினாள். பின்சக்கரம் லேசாக வழுக்கி, பிறகு பிடித்துக்கொண்டது. வெள்ளைக் கார் அவளுக்கு நேர் பின்னால் கிறீச்சிட்டு நின்றது. அவள் ஓரத்தில் ஒண்டியிருந்தால் அந்தக் கார் பக்கத்தில் புகுந்திருக்கும். ட்ரெய்லரைக் கண்டு கார்க்காரர் பிரேக் அடித்திருந்தால் கார் அவள்மேலேயே சறுக்கியிருக்கும்.

ஆஸ்பத்திரி ரோடு கண்ணுக்கு முன்னால். ஆனால் ட்ரெய்லரின் நீளம் முழுக்கக் குறுக்கே நின்றது. இப்போது அதுவும் அதே ரோட்டுக்குத் திரும்பப் பார்த்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. அதற்கும் ஓரக்கல்லுக்கும் நடுவே ஒரு பைக் நுழையும் இடைவெளி. நுழைந்தால் பத்து விநாடியில் வெளியே.

"நுழையலாம்னு தோணுச்சு" என்று என்னிடம் ஒப்புக்கொண்டாள். "சத்தியமா தோணுச்சு."

நுழையவில்லை. வலது இண்டிகேட்டரைப் போட்டு, தோளுக்கு மேல் பார்த்து, உள் லேனுக்குள் போய், மறுபடி முழுச் சுற்று சுற்றினாள். ஸ்டேஷன் ரோடு, தான் வந்த ரோடு, மார்க்கெட் ரோடு. அந்த முக்கால் நிமிஷம்தான் தன் வாழ்க்கையிலேயே நீளமானது என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த ஒரு சுற்றை எப்படித் தாங்கப்போகிறேன் என்று ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சுற்றினாளாம். பாதிச் சுற்றில் நடு லேனுக்கு மாறினாள். கிடங்கு ரோடு தாண்டியது. இடது இண்டிகேட்டர். கண்ணாடி. தோள். ஆஸ்பத்திரி ரோடு காலியாகத் திறந்து கிடந்தது.

பிரசவ ஆஸ்பத்திரி ரசீதில் நாலு இருபத்தொன்று என்று இருந்தது. பதினாலு நிமிஷம். நர்ஸ் பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினார். அக்கா நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். எனக்குப் போன் செய்து, "கொடுத்துட்டேன்" என்றாள். நான் பதிவேட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

இரவுக்குள் மேலும் நான்கு பை போயின. அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. மூன்றாம் நாள் அந்தப் பெண்ணைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். பெண் குழந்தை.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனதும், இத்தனை நாள் ரவுண்டானாவைத் தவிர்த்துச் சந்தில் போனது, பிந்தியது, இன்றைக்குச் சுற்றியது எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் மெஷினை நிறுத்தாமல் கேட்டார். ட்ரெய்லர் ஒடித்த இடம் வந்ததும் மெஷின் நின்றது. ஒரு சட்டைக்கையைக் கோணலாகத் தைத்திருந்தார். அதைப் பிரிக்கத் தொடங்கினார்.

"இனிமே போறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லாத" என்றார். "தாண்டினதுக்கு அப்புறம் ஒரு போன் போடு. அது போதும்."

"தினமும் ஆறேழு தடவை தாண்டுவேனே?"

"ஆறேழு தடவை போடு. நான் என்ன கலெக்டர் வேலையா பார்க்கறேன், போன் எடுக்க நேரமில்லாம?"

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சாதாரண நடை, மூன்று பை. பெட்டியைக் கட்டிக்கொடுத்து நேரம் எழுதினேன். பன்னிரண்டு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்திருந்தாள்.